பேரூராட்சி என்ற பெயரும் வீட்டு இணையமும்: அஞ்சுகிராமத்தை முன்வைத்து

கிராமத்துக் குழந்தைக்கு வீட்டிலேயே இணையம் கிடைத்தால் படிப்பு உயருமா? உலக ஆய்வுகள் இதற்கு ஒரே பதிலைத் தரவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் குவெல்லோ மையம் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கிராமப்புறப் பள்ளிகளில் 8 முதல் 11 வரையிலான வகுப்புகளில் படித்த மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அது ஆராய்ந்தது. வீட்டில் வேகமான இணையம் இல்லாதவர்கள் மதிப்பெண்ணிலும் கணினித் திறனிலும் பின்தங்கியிருந்தார்கள். குடும்பத்தின் பொருளாதார நிலையைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி மறையவில்லை. பெரு நாட்டின் லிமா நகரில் அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் குலுக்கல் முறையில் மடிக்கணினியும் அதிவேக இணையமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான அதன் முடிவு வேறு: கருவியைக் கையாளும் திறன் கூடியது, பாடத் தேர்ச்சி கூடவில்லை.

இந்த இரண்டையும் முரண்பட்ட முடிவுகளாக நான் பார்க்கவில்லை. லிமாவில் பார்க்கப்பட்டவர்கள் சிறுவர்கள். மிச்சிகனில் பார்க்கப்பட்டவர்கள், அடுத்து எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று முடிவெடுக்கும் வாசலில் நின்றவர்கள். பள்ளியும் அரசும் ஒரு பிள்ளையிடம் இணையம் வழியாக எவ்வளவு கேட்கின்றனவோ, அந்த அளவுக்கு வீட்டு இணைப்பின் பயனும் கூடும் என்பதே என் கருத்து.

தமிழ்நாடு தன் பிள்ளைகளிடம் நிறையவே கேட்கிறது. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில்தான் நடக்கிறது. கல்வி உதவித்தொகை, நீட் விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை எல்லாமே அப்படித்தான். வீட்டில் இணைப்பு இல்லாத மாணவி சான்றிதழ்களை உறையில் போட்டுக்கொண்டு நெட் சென்டருக்கோ இ-சேவை மையத்துக்கோ போகிறாள். வரிசையில் காத்திருந்து முறை வந்ததும் ஓ.டி.பி. கேட்கிறார்கள். அது போய்ச் சேர்ந்த கைப்பேசி வேலைக்குப் போன அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் எடுத்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்து, இன்னொரு எண் கேட்க வேண்டியிருக்கிறது. அவசரத்தில் விருப்பப் பாடங்களின் வரிசையை அங்கே இருப்பவரே நிரப்பிக் கொடுத்துவிடுகிறார். நான்கு கல்லூரிகளை ஒப்பிட்டு, அம்மாவிடம் பேசி, இரவில் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு இது. வீட்டு இணையத்தின் முதல் பயன் இந்த அவகாசம்தான். மதிப்பெண்ணை மட்டும் அளக்கும் ஆய்வுகளில் இது பதிவாவதில்லை.

எல்லார் கையிலும்தான் செல்போன் இருக்கிறதே என்பது வழக்கமான மறுப்பு. மிச்சிகன் ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு இங்கேதான் உதவுகிறது: கைப்பேசி இணையத்தை மட்டும் நம்பியிருந்த மாணவர்களின் நிலை, இணையமே இல்லாதவர்களின் நிலையை ஒட்டியே இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நாமும் இதைக் கண்டோம். வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதில் அண்ணனுக்கு ஒரு வகுப்பு, தங்கைக்கு ஒரு வகுப்பு, மாலைக்குள் தீர்ந்துபோகும் டேட்டா. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கித் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்ப வேண்டியிருந்தது. பொழுதுபோக்கில் நேரம் வீணாகும் என்ற பெற்றோரின் அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் கூடத்தில், பெரியவர் கண்ணெதிரே இருக்கும் பொதுத் திரையைவிடப் போர்வைக்குள் ஒளிரும் கைப்பேசியே அந்த அச்சத்துக்கு அதிக இடம் தருகிறது.

இனி அஞ்சுகிராமத்துக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம் வட்டத்தில், திருநெல்வேலி மாவட்ட எல்லையை ஒட்டிய ஊர். பெயரிலேயே கிராமம் இருக்கிறது. சுற்றிலும் தென்னையும் வாழையும். அரசுக் கோப்பில் இது பேரூராட்சி, அதாவது நகர்ப்புற உள்ளாட்சி. கன்னியாகுமரி மாவட்டம் முழுவதற்கும் இந்த நிலைதான்: 95 கிராம ஊராட்சிகளுக்குச் சுமார் 50 பேரூராட்சிகள். 2011 கணக்கெடுப்புப்படி மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டினர் 'நகர்ப்புறத்தார்'.

இது பெயர் அளவில் நிற்கும் வேறுபாடு அன்று. கிராமங்களுக்கு அதிவேக இணையம் கொண்டுசெல்லும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் அலகு கிராம ஊராட்சி. தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் இத்திட்டத்தில் இணைக்க எடுத்துக்கொண்டது 12,525 ஊராட்சிகளை. எல்லைக்கு அப்பால் இராதாபுரம் வட்டத்து ஊராட்சிகள் அந்தக் கணக்கில் வருகின்றன. அதே தொழில், அதே வருமானம் உள்ள அஞ்சுகிராமத்துக் குடும்பம் வருவதில்லை. ஊராட்சி அலுவலகம் வரை கம்பி வந்தாலும் அது வீட்டுக்குள் நுழைய மாதக் கட்டணம் தடையாக நிற்கும் என்பது வேறு சிக்கல்.

2011-இல் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவுடன் மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் கன்னியாகுமரி. அந்தச் சாதனைக்கு அடிப்படை, பள்ளிக்கூடம் நடந்து போகும் தொலைவுக்கு வந்ததுதான். அஞ்சுகிராமத்துக்கு அருகிலுள்ள மயிலாடியில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறித்தவ மறைப்பணியாளர் ரிங்கல்தௌபே கல்விப் பணியாற்றினார். 1817-இல், அப்போது இப்பகுதியை ஆண்ட திருவிதாங்கூரின் அரசி கௌரி பார்வதிபாய் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். எந்த ஊர், என்ன வகை என்று பாராமல் பிள்ளை இருக்கும் இடத்துக்குக் கல்வியைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே அந்த மரபு.

கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் ஃபஹீமா ஷிரின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. உரிமை என்று ஏற்றுக்கொண்டால் அதை ஊராட்சி, பேரூராட்சி என்று பிரித்து அளக்க முடியாது. மேல்நிலை வகுப்பில் பிள்ளை படிக்கும் ஏழைக் குடும்பத்தையே அலகாகக் கொண்டு, பேரூராட்சிகளிலும் மானியக் கட்டணத்தில் வீட்டு இணைப்பு தர அரசு முன்வர வேண்டும். அதை அஞ்சுகிராமம் போன்ற எல்லையோர ஊர்களிலிருந்து தொடங்கட்டும்.