பெட்டியின் மேல் யார் பெயர்?



கீழ் கோத்தகிரி என்றால் இன்று எல்லோருக்கும் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். தேயிலை வருவதற்கு வெகுகாலம் முன்பே அது கோத்தர் ஊர். நீலகிரியில் கோத்தருக்கு இருப்பது ஏழு ஊர்கள்; அவற்றில் ஒன்று இது. அவர்கள் மொழியில் இதற்குக் கினார் என்று பெயர். ஆண்கள் கொல்லு வேலையும் தச்சு வேலையும் தோல் வேலையும் செய்தார்கள். பெண்கள் பானை வனைந்தார்கள். படகருக்கும் தோடருக்கும் அரிவாள், கோடரி, பானை எல்லாம் இவர்கள் கையிலிருந்து போயின. அவர்கள் வீட்டு இழவுக்குக் கோள் ஊதித் தப்பட்டை அடித்ததும் இவர்களே. கூலியாகத் தானியம் வந்தது, செத்த எருமையும் வந்தது. அந்த இறைச்சியைக் காட்டியே பிறகு இவர்களைக் கீழே வைத்தார்கள். இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்யும் என்பதை இந்த அவைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சட்டப்படி கோத்தர் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். அவர்களை நம் கணக்கில் சேர்த்துக்கொள்ள நாம் இங்கே கூடவில்லை. ஆனால் அவர்கள் வரலாறு எங்கே, யார் பெயரில் வைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வி நமக்கும் உரியது. ஆவணக் காப்பகத்துக்குப் போகப் போகும் மாணவர்களுக்கு முன்னால் அதைத்தான் இன்று வைக்க விரும்புகிறோம்.

1873இல் வெளிவந்த பிரீக்ஸின் நூலிலும், 1909இல் வந்த தர்ஸ்டனின் தொகுதிகளிலும் கோத்தர் உண்டு. வெளியிலிருந்து பார்த்தவர்கள், அக்கம்பக்கத்தார் சொன்னதையும் சேர்த்து எழுதியவை அவை. 1930களின் பிற்பாதியில்தான் நிலைமை மாறியது. மொழியியலாளர் எமனோவும் மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாமும் நீலகிரிக்கு வந்தார்கள். இருவருக்கும் கிடைத்தவர் ஒரே மனிதர்: கொல்லிமலை என்னும் கோத்தர் ஊரைச் சேர்ந்த சுல்லி. பள்ளி ஆசிரியர், ஆங்கிலம் படித்தவர். அவர் சொல்லச் சொல்ல எமனோ எழுதிக்கொண்டார். கதைகள், வழக்கங்கள், தெய்வங்கள், சண்டைகள் எல்லாம் கோத்த மொழியிலேயே பதிவாயின. 1944 முதல் 1946 வரை கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அதை 'கோத்தா டெக்ஸ்ட்ஸ்' என்று நான்கு பகுதிகளாக அச்சிட்டது. மாண்டல்பாமின் தாள்கள் பெர்க்லியில் அதே பல்கலைக்கழகத்தின் பான்கிராஃப்ட் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1961இல் எமனோவும் பர்ரோவும் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியைப் புரட்டிப் பாருங்கள். தமிழ், மலையாளச் சொற்களை அடுத்துக் கோத்தச் சொல் வந்து நிற்கும். அதில் எத்தனை சொற்கள் சுல்லியின் வாயிலிருந்து வந்திருக்கும்!

ஆனால் நூலட்டையில் எமனோ பெயர். தாள்கள் இருக்கும் பெட்டியின் மேல் மாண்டல்பாம் பெயர். இதில் சதி எதுவும் இல்லை. தாள்களைச் சேர்த்தவர் யாரோ அவர் பெயரில், அவர் வைத்திருந்த வரிசையில் காப்பது காப்பகத் தொழிலின் விதி. எமனோவும் சுல்லியை மறைக்கவில்லை. மாண்டல்பாமோ 1960இல் சுல்லியைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதி, அவரைச் சீர்திருத்தக்காரர் என்று தலைப்பிலேயே சொன்னார். இருந்தாலும் விதியின் பலன் என்ன? சேர்த்தவரைத் தெரிந்தவனுக்குப் பெட்டி திறக்கும். கினாரிலிருந்து ஒரு பெண் தன் ஊர்க் கதையைத் தேடிப் போனால், முதலில் ஓர் அமெரிக்கப் பேராசிரியரின் பெயரைத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பக்கங்களில் இருப்பது என்ன என்பதற்கு வருவோம். சுல்லி தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டார். செத்த மாட்டை உண்பதை விடுங்கள், மற்றவர் இழவுக்கு வாசிப்பதை விடுங்கள் என்று சொந்த மக்களிடம் வாதாடினார். ஊரே எதிர்த்தது. 1927இல் மகாத்தில் அம்பேத்கர் செத்த மாட்டிறைச்சியை விடச் சொன்னதை அறிந்தவர்களுக்கு இது தெரிந்த குரல். இருவருக்கும் தொடர்பு இருந்தது என்று நாம் சொல்லவில்லை. ஒரே விதமாகக் கீழே தள்ளப்பட்டவர்கள் இரண்டு மூலைகளில் ஒரே இடத்தில் கைவைத்தார்கள் என்பதைத்தான் சொல்கிறோம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். அதே 1930களில் படகரில் ஒரு பிரிவினரும் கோத்தர் இசை வேண்டாம் என்றார்கள். அந்த இசை தங்களுக்கு இழுக்கு என்பது அவர்கள் காரணம். வேண்டும் என்ற பிரிவும் இருந்தது, இரண்டுக்கும் தகராறு. ஆக, வாசிக்க மாட்டோம் என்று ஒரு கோத்தர் சொல்கிறார். வாசிக்கக் கூடாது என்று கேட்பவர்களில் சிலர் சொல்கிறார்கள். முன்னது தன்மானம், பின்னது தீட்டு. முடிவில் இரண்டாலும் நின்றது ஒரே தப்பட்டை. 'வழக்கொழிந்தது' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். யார் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்பது பதிவில் இருந்தால்தான் பிரித்துப் பார்க்க முடியும். தங்கள் தெய்வத்துக்கும் தங்கள் இழவுக்கும் வாசிப்பதைக் கோத்தர் விட்டுவிடவில்லை. அவர்களுடைய உருளை வடிவ முரசுக்கு 'பர்' என்று பெயர். நம் பறையின் உறவுச் சொல். அடிமை அடையாளம் என்று பறையைக் கீழே வைத்தவர்களும், நம் கலை என்று திரும்ப எடுத்தவர்களும் நம்மிடையே உண்டு. அந்த விவாதம் மலைமேல் எப்படி நடந்தது என்று படிப்பது நமக்கு வீண்வேலை ஆகாது.

சுல்லியின் சொல் ஏழு ஊர்களின் சொல் ஆகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். அவர் கினார்க்காரர் அல்லர். 1924இல் பரவிய காய்ச்சலில் கோத்தர் பலர் மாண்டார்கள், பூசாரிகளும் மாண்டார்கள், பிறகு புதுத் தெய்வங்கள் வந்தன. இந்த நிகழ்ச்சிகளைக் கினாரின் கிழவி ஒருத்தி எப்படிச் சொல்லியிருப்பாள்? பானை வனைந்த பெண்களின் வாயிலிருந்து அப்படி நான்கு பகுதி நூல் யாரும் எழுதிவைக்கவில்லை. அவரை எதிர்த்தவர்களின் நியாயமும் பெரும்பாலும் அவரை ஆதரித்தவர்களின் வழியாகவே நமக்கு வருகிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். அச்சான நான்கு பகுதிகளும் மொழியியலாளரின் ஒலிக்குறிகளில் இருக்கின்றன. கோத்த மொழி பேசுபவரே எடுத்துப் படிக்க முடியாது. தமிழ் எழுத்து அந்த ஒலிகளுக்கு முழுதும் போதாது. சில குறிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கோத்த இளைஞர்களோடு உட்கார்ந்து, அவர்கள் முன்னின்று செய்ய, நாம் எழுத்து வேலைக்குக் கூட இருக்கலாம். எதை வெளியிடலாம், எந்தத் தெய்வப் பேச்சை வெளியே விடக் கூடாது என்பது அவர்கள் முடிவு. நூலகத்தின் அனுமதி மட்டும் அதற்குப் போதாது.

கோத்தகிரியில் கன்னேரிமுக்கில் சலிவனின் 1819ஆம் ஆண்டுப் பங்களா இருக்கிறது. அதைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமும் ஆவண மையமும் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். இந்த மலையின் பதிவுகளைத் தேடுகிறவன் இங்கேயும் ஒரு கலெக்டரின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

கீழ் கோத்தகிரியின் தோட்ட லயங்களில் இருப்பவர்களிடம் எந்த எமனோவும் வந்து உட்கார்ந்ததில்லை. சமவெளியிலிருந்து வேலைக்கு மலையேறியவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்ட 5,25,000 பேரில் பல குடும்பங்களும் நீலகிரித் தேயிலைக்கே வந்து சேர்ந்தன. கம்பெனியின் செக்ரோலில் அவர்களுக்குப் பேரும் நாளும் கூலியும் மட்டும் உண்டு. ஆனால் வீட்டுத் தகரப் பெட்டிகளில் வேறு தாள்கள் இருக்கின்றன: கண்டியில் வாங்கிய பாஸ்போர்ட், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, இலங்கையில் விட்டுவந்தவர்களின் கடிதம். தாள் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்; படம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பட்டியலில் முதல் பத்தியில் வைத்திருப்பவரின் பெயர், அவர் சம்மதித்தால். படமெடுத்தவரின் பெயர் கடைசிப் பத்தியில்.