பிறன் யார்? தன்னினப் பற்றும் தமிழ்ச் சபையின் வரலாறும்

கார்த்திகைத் தீப நாளில் திருவண்ணாமலைக்கு வருவோர் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர்ப் பாதையில் அன்னதானம் நடைபெறுவதைக் காண்பர். இலையில் சோறு இடுகிறவர் உண்பவனின் ஊரையோ குலத்தையோ கேட்பதில்லை. அதே நகரில் வெவ்வேறு சமூகங்களின் பெயர் தாங்கிய மடங்களும் சத்திரங்களும் உள்ளன. அவை தத்தம் இனத்தார் வந்து தங்குவதற்கென்று எழுப்பப்பட்டவை. முன்னதும் ஈகை, பின்னதும் ஈகை. ஆயினும் அந்நியனுக்கு நாம் ஒரு வேளைச் சோறு இடுகிறோம். நம்மவனுக்கோ கூரையும் கொடுக்கிறோம். இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இதனை வெறுப்பு என்று எளிதாகச் சொல்லிவிடல் ஆகாது. மருத்துவமனையும் வங்கியும் இல்லாத காலத்தில் நோயாளிக்குக் கஞ்சி வைத்தவரும், கடன் கொடுத்தவரும், பிணம் சுமந்தவரும் சுற்றத்தாரே. தன்னினப் பற்றின் வேர் நன்றியறிதல். அதனை அறுத்தெறிவது கடினமாயிருப்பதற்குக் காரணமும் இதுவே.

எனினும் இன்னொன்றையும் கருதவேண்டும். ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். நாசிகளின் கொடுமையில் தம் குடும்பத்தாரை இழந்தவர். இவ்வறிஞர் 1970இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவரிடம் நடத்திய சோதனைகளை வெளியிட்டார். இரண்டு ஓவியருள் எவருடைய படங்களை விரும்பினார்கள் என்பதைக் கொண்டு சிறுவர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டதாக அவர்களுக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் குறிப்பான காரணம் எதுவுமின்றியே பிரித்திருந்தனர். தம் குழுவில் இருப்பவர் யார் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் பணத்தைப் பங்கிடும்போது தம் குழுவினருக்கே மிகுதியாக ஒதுக்கினர். இதனால் நாம் அறிவது, தம்மவரை விரும்புவது இயல்பாயிருக்கலாம். தம்மவர் யார் என்னும் எல்லையோ மனிதர் வரைந்தது. வரைந்ததை மாற்றி வரையவும் கூடும்.

இவ்வெல்லையை மாற்றி வரைய முயன்ற வரலாறு நம் சபைகளுக்கு உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சுவிசேஷ ஊழியத்தில், ஆலயத்திற்குள் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகள் இடம்பெற்றன. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபையில் சாதி வேறுபாட்டை உடனே முற்றிலும் ஒழிக்கவேண்டும் என்று கட்டளையிட்டார். தஞ்சையில் பெருங்கலக்கம் உண்டாயிற்று. இதற்குமுன்னரே வேதநாயகம் சாஸ்திரியார் இளைய மிஷனெரிமாரைக் கண்டித்து எழுதியிருந்தார். சாதிகளைக் கலப்பதை மட்டுமன்று, வேதாகமத்தைத் திருத்தி மொழிபெயர்ப்பதையும், திருநாளில் மலர் அணிசெய்வதைத் தடுப்பதையும், தமிழிசையை விலக்குவதையும் அவர் ஒன்றாகச் சேர்த்தே எதிர்த்தார். இதுவே சிந்திக்கத்தக்கது. போற்றவேண்டிய தமிழ்ப் பாட்டும் அகற்றவேண்டிய சாதிச் சுவரும் அவர் உள்ளத்தில் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருந்தன.

கட்டளையினால் சுவர் இடியவில்லை. அதற்கு இணங்காதவருள் பலர் பின்னர் லைப்சிக் மிஷனைச் சேர்ந்தனர். அம்மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல், சாதி ஒருவகைச் சமுதாய அமைப்பு. சுவிசேஷம் உள்ளிருந்து அதனைக் கரைக்கும். பொறுத்திருப்போம் என்னும் கருத்துடையவர். அவருடைய தமிழ்ப் புலமையை நாம் மதிக்கிறோம். ஆனால் அப்பொறுமையின் விலையைச் செலுத்தியவர் யார்? மேலிருக்கையில் அமர்ந்தவர் அல்லர். தனியே ஒதுக்கப்பட்டு அமர்ந்தவரே.

அதே மிஷனைச் சேர்ந்த கார்ல் ஆக்ஸ் ஐயர் இதற்கு உடன்படாமல் பிரிந்தார். மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய ஊழியத்தை 1860களில் டேனிஷ் மிஷனெரி சங்கம் ஏற்றது. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி எழுந்ததும், ஆற்காடு லுத்தரன் திருச்சபை உருவானதும் அவ்வழியிலேதான். அச்சபையில் சேர்ந்தோருள் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட மக்கள். சாதிக்கு இடமில்லை என்று சொன்ன வாசலில் மேல்சாதியார் திரளாக நுழையவில்லை. ஆக்ஸ் ஐயர் கொண்ட கொள்கை சரியே. எனினும் ஒரே மேசையில் இரு சாராரும் அமரும் சோதனை பெரும்பாலும் நிகழாமலே போயிற்று.

இது பழங்கதையன்று. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோவிலுக்குள் முதன்முறையாகச் சென்று வழிபட்டது 2023 ஜனவரி 30ஆம் நாள். அதுவும் காவல்துறையின் பாதுகாப்போடு. ஆலயப் பிரவேசச் சட்டம் இயற்றப்பட்டதோ 1947இல். சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே இருப்பவர் நகர்ந்து இடம்கொடுப்பதை அது செய்ய இயலாது. இதைக் கண்டு நாம் பிறரை நோக்கி விரல் நீட்ட வேண்டா. நான் ஊழியம் செய்த ஒரு சபையில் திருவிருந்தின் பாத்திரம் ஒன்றே. கல்லறைத் தோட்டத்தின் வரிசைகளோ இரண்டு. பல ஆண்டுகள் அங்கே அடக்க ஆராதனை நடத்தியும் அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அம்மௌனமும் தன்னினப் பற்றே.

நம் சபைகளில் நெடுங்காலமாக வழங்கும் தமிழ் வேதாகமம், அன்புகூரவேண்டியவனைப் ‘பிறன்’ என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘அடுத்திருப்பவர்’ என்கிறது. பின்னது மூலத்தின் சொற்பொருளுக்கு நெருக்கமானது. ஆயினும் அடுத்திருப்பவர் என்றவுடன் நம் தெருவே நினைவுக்கு வருகிறது. நம் தெருவில் இருப்பவரோ பெரும்பாலும் நம்மவரே. பிறன் என்னும் பழஞ்சொல் அவ்வாறு தப்பவிடுவதில்லை. நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டவனுக்கு உதவியவனும் அயல் இனத்தானே.

தம்மவரை நேசிப்பதை விடும்படி எவரும் நம்மைக் கேட்கவில்லை. தம்மவருக்கென்று கட்டிய சத்திரத்தின் கதவைப் பிறனுக்கும் திறப்பதே கேட்கப்படுகிறது. உடன் ஊழியர் ஒவ்வொருவரும் முதலில் தம் சபையின் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வருவாராக.