ஐம்பது படங்கள், ராயல்டி இல்லை!

விமான நிலையம், ரயில் நிலையம், மருத்துவமனை என்று எங்கே போனாலும் கழிப்பறைக் கதவில் ஓர் ஆண் உருவமும் ஒரு பெண் உருவமும் நிற்கும். தலை ஒரு தனி வட்டம், கழுத்து கிடையாது, தோள்கள் உருண்டையாக இருக்கும். பல நாடுகளில் காணப்படும் இந்த வடிவம் 1974-இல் அமெரிக்காவில் உருவானது. ஆனால் இதைப் பயன்படுத்த யாரும் யாருக்கும் பணம் கட்டுவதில்லை!

அதற்கு முன்பு ஒவ்வொரு விமான நிலையமும் தனக்கென்று படக்குறிகளை வைத்திருந்தது. ஓர் ஊரில் பழகிய குறி அடுத்த ஊரில் இருக்காது. மொழி தெரியாத பயணிக்கு இது பெரிய தொல்லை. எனவே அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, ஏ.ஐ.ஜி.ஏ. என்ற வரைகலைஞர் சங்கத்தை நாடியது. மொபில் நிறுவனத்தின் சின்னத்தை வடிவமைத்த தாமஸ் கைஸ்மர் தலைமையில் ஐந்து பேர் குழு அமைந்தது. பல நாட்டு விமான நிலையங்களிலும் ஒலிம்பிக் போட்டிகளிலும் இருந்த குறிகளைச் சேகரித்து, எது புரிகிறது, எது புரியவில்லை என்று அந்தக் குழு அலசியது. பிறகு ரோஜர் குக், டான் ஷனோஸ்கி ஆகியோரின் நிறுவனம் படங்களை வரைந்தது. 1974-இல் 34 குறிகள், 1979-இல் மேலும் 16. ஆக மொத்தம் 50.

பதிப்புரிமை இல்லை, யாரும் பயன்படுத்தலாம் என்று அவை வெளியிடப்பட்டன. உண்மையில் இந்த எண்ணத்துக்கு ஜப்பான் முன்னோடி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காகக் குறிகள் வரைந்த இளம் கலைஞர்கள், மசாரு கட்சுமி கேட்டுக்கொண்டபடி தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார்கள்.

இதற்கு நேர்மாறானது ம்யூனிக். 1972 ஒலிம்பிக்குக்காக ஓட்ல் ஐஷர் வரைந்த குறிகள், அழகில் அமெரிக்கக் குறிகளைவிட ஒரு படி மேல் என்றே சொல்லலாம். ஆனால் அவற்றின் உரிமை எர்கோ என்ற ஜெர்மன் நிறுவனத்திடம் போனது. பயன்படுத்த வேண்டுமானால் உரிமம் வாங்க வேண்டும். வரைந்தவருக்குக் கூலி வேண்டாமா என்று கேட்டால், கட்டாயம் வேண்டும். அமெரிக்காவிலும் கூலி கொடுக்கப்பட்டது, ஆனால் அரசு ஒரே முறை கொடுத்து முடித்துவிட்டது. குறி என்பது மற்ற சரக்கு மாதிரி இல்லையே... பத்துப் பேர் பயன்படுத்தினால் அதற்கு மதிப்புக் குறைவு, கோடிப் பேர் பயன்படுத்தினால்தான் பார்த்ததும் புரியும். ஒவ்வொரு பலகைக்கும் கட்டணம் கேட்டால், காசு மிச்சம் பிடிக்க ஆளுக்கொரு குறி வரைவார்கள். பழைய குழப்பமே திரும்பும்.

அந்த 50 படங்களும் கையால் வரையப்பட்டவை. கணினி வந்த பிறகு அவை வெக்டர் கோப்புகளாயின. சாதாரணப் படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். வெக்டரில் கோடும் வளைவும் கணக்காகப் பதிவாகியிருப்பதால், விசிட்டிங் கார்டுக்கும் பேனருக்கும் ஒரே கோப்பு போதும். 2001 செப்டம்பரில் எஸ்விஜி என்ற வெக்டர் முறை இணையத்துக்கான தரமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அது வேலை செய்ய 2011-இல் ஒன்பதாம் பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

2010-இல் நவுன் புராஜெக்ட் என்ற ஐகான் தளம் தொடங்கியபோது, அதன் முதல் சேகரிப்பில் இந்த அமெரிக்கக் குறிகளும் இருந்தன. பின்னர் பலரும் வரைந்து சேர்த்த ஐகான்களில் பெரும்பாலானவற்றுக்கு நிபந்தனை உண்டு. வரைந்தவர் பெயரைப் போட வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும். "இலவசம்" என்ற சொல்லை மட்டும் பார்த்து இறக்கிக்கொள்கிறவர்கள் இந்த வரியைப் படிப்பதே இல்லை. சில தளங்களில் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம், கடைப் பலகையில் போட்டால் உரிம மீறல்.

குக், ஷனோஸ்கியின் 50 படங்களுக்கு அந்த வரியும் கிடையாது. அதனால் எந்தக் கழிப்பறைக் கதவிலும் அவர்கள் பெயரும் கிடையாது.