ஆறு ஜன்னல்களுக்கு நடுவே ஓர் ஆர்கன்

தெற்கு ஜெர்மனியில் உள்ள வைன்கார்ட்டன் பேராலயம் பெனடிக்டின் துறவிகளின் மடத்துக்கு உரியதாக இருந்தது. 1724இல் அர்ச்சிக்கப்பட்ட அதன் நீளம் நூறு மீட்டருக்கும் அதிகம். மாலை வெயில் உள்ளே வருவது மேற்குச் சுவரின் ஆறு ஜன்னல்கள் வழியாக. அந்தச் சுவரை ஒட்டி ஒரு பெரிய ஆர்கன் அமைக்கும் பொறுப்பை 1737இல் மடம் யோசஃப் காப்லரிடம் ஒப்படைத்தது. ஜன்னல்களை மறைக்காமல் அமைக்க வேண்டும் என்பதுதான் வேலையின் சிக்கல்.

காப்லர் 1700இல் ஒக்சன்ஹவுசனில் பிறந்தவர். அவ்வூர் மடத்துக்கு முன்பே ஓர் ஆர்கன் செய்து கொடுத்திருந்தார். வைன்கார்ட்டனில் அவர் வாத்தியத்தையே பல துண்டுகளாகப் பிரித்து ஜன்னல்களைச் சுற்றி நிறுத்தினார். குழாய்களின் கோபுரங்கள் இருபுறமும் உயர்ந்தன. ஒரு சிறு பகுதி நடு ஜன்னலுக்கும் மேலே ஏறிக்கொண்டது. இன்னும் இரண்டு பகுதிகள் மாடத்தின் கைப்பிடிச் சுவருக்கு வந்தன. வாசிப்பவரின் இருக்கையும் கட்டைகளும் தனி மேடையாக நடுவில் நின்றன.

பார்வைக்கு எளிதாகத் தெரியும் இந்த ஏற்பாடு செயலில் கடினமானது. ஆர்மோனியத்தில் துருத்தியும் ரீடும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். குழாய் ஆர்கனில் துருத்தி தரும் காற்று காற்றுப்பெட்டிகளில் காத்திருக்கும். கட்டையை அழுத்தும்போது மெல்லிய மரச்சட்டங்கள் இழுபட்டு அடைப்பைத் திறக்க, குழாய் ஒலிக்கும். மின்சாரம் இல்லாத அக்காலத்தில், விரலின் அசைவை மாடத்துத் தரைக்கு அடியிலும் சுவர் உயரத்துக்கும் மரத்தாலேயே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. வேலை முடிய 1750 ஆகிவிட்டது. இடையில் பணத்தைப் பற்றிய சச்சரவுகளுக்கும் குறைவில்லை.

காப்லருக்கு வேடிக்கையிலும் நாட்டம் இருந்தது. குயில், இராப்பாடி ஆகியவற்றின் குரல்களையும் முரசொலியையும் ஆர்கனில் சேர்த்தார். சிறு மணிகளைத் திராட்சைக் குலைகளாகத் தொங்கவிட்டார். காலால் மிதிக்கும் கட்டைகளில் மிகத் தாழ்ந்த சுரத்துக்கு மட்டும் 49 குழாய்களை ஒன்றாக முழங்க வைத்தார். அந்த அமைப்பின் பெயர் 'லா ஃபோர்ஸ்'. மனிதக் குரலைப் போன்ற ஒலியைப் பெற அவர் சாத்தானிடம் உலோகம் வாங்கினார் என்பது ஊர்க்கதை. மொத்தம் 6,666 குழாய்கள் என்ற பேச்சும் அதே வகைதான்; ஆறாயிரத்துக்கு மேல் என்பது மட்டும் மெய்.

1803இல் மடங்களின் சொத்துகள் அரசுகளின் கைக்குப் போனபோது வைன்கார்ட்டன் மடமும் கலைக்கப்பட்டது. கட்டடங்கள் பிற்பாடு படைவீரர் குடியிருப்பாயின. ஆலயம் பங்குக் கோயிலானதால் ஆர்கனுக்கு வேலை தொடர்ந்தது; பிழைத்ததற்கு அதுவே முக்கியக் காரணம் எனலாம். 1922இல் துறவிகள் மீண்டும் வந்தனர். 1940இல் நாஜி அரசு அவர்களை வெளியேற்றியது. போர் முடிந்து திரும்பியவர்களின் எண்ணிக்கை பின்னர் குறைந்துகொண்டே வர, 2010இல் மடம் மூடப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் ஆர்கனில் கை வைத்தவர்கள் காலத்தின் ருசிக்கேற்ப மாற்றங்கள் செய்தனர். 1980களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் கூன் நிறுவனம் காப்லரின் மூல அமைப்பை ஒட்டி அதைச் சீரமைத்தது. இன்று அது வழிபாட்டிலும் கச்சேரிகளிலும் வாசிக்கப்படுகிறது.