தலைக்கேற்ற கவசம்

கடந்த பெப்ரவரி மாதம் ரொறன்ரோவில் என் தங்கை வீட்டில் மூன்று வாரங்களுக்கு மேல் தங்கியிருந்தேன். ஊரிலிருந்து வந்த மாமன் என்ற முறையில் எனக்குக் கிடைத்த பொறுப்புகளுள் ஒன்று, பதினொரு வயதான மருமகனைப் பனி ஹொக்கிப் பயிற்சிக்கு அழைத்துச் செல்வது. அழைத்துச் செல்வது என்று சொல்வதும் மிகைதான். வாகனம் ஓட்டியவர் மைத்துனர். அரங்கின் மரப்பலகையில் இரண்டு மேலங்கிகளுக்குள் நடுங்கியபடி உட்கார்ந்திருந்ததே என் பங்கு.

முதலாவது சனிக்கிழமையே பையன் மல்லாக்க விழுந்தான். பின்தலை பனித்தரையில் மோதிய சத்தம் எங்கள் இருக்கை வரை கேட்டது. தலைக்கவசம் முன்னால் சரிந்து அவன் கண்களை மறைத்துக் கொண்டது. அதைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து மறுபடியும் ஓடினான். வீடு திரும்பும் வழியில், பின்னிருக்கையில் என் காதருகே குனிந்து, "மாமா, தலை கொஞ்சம் இடிக்குது. அம்மாவிட்டச் சொல்லாதேங்கோ. சொன்னா இனி விளையாட விடமாட்டா" என்றான்.

அன்றிரவு நான் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் செய்தியாளனாக இருந்து, சொன்னவர் பெயரை வெளியிடாமல் காத்துப் பழகியவனுக்கு இருக்கும் பிழையான பெருமை அது.

திங்கட்கிழமை பகல் வீட்டில் எவரும் இல்லாத வேளையில் அருகிலிருந்த பொது நூலகத்திற்குச் சென்று பனி ஹொக்கி பற்றிய நூல்களைப் புரட்டினேன். மணிக்கு நூறு மைலுக்கும் மேலான வேகத்தில் பறக்கக்கூடிய இறப்பர் வட்டு, கத்தி பூட்டிய காலணிகள், கல்லாய் உறைந்த தரை, அதைச் சுற்றி மரவேலி. இத்தகைய விளையாட்டைப் பல தசாப்தங்களாகப் பெரியவர்கள் வெறுந்தலையோடு ஆடி வந்தார்கள் என்பதை அன்றுதான் முழுமையாக அறிந்தேன்.

தேசிய ஹொக்கி லீக் 1917 இல் தொடங்கப்பட்டது. அதில் முதன்முதலாகத் தொடர்ந்து தலைக்கவசம் அணிந்தவராகப் பொதுவாகக் குறிப்பிடப்படுபவர் பொஸ்ரன் புரூயின்ஸ் அணியின் ஜோர்ஜ் ஓவன். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஆடியவர்; அங்கு பழகிய தோற்கவசத்தை 1928-29 பருவகாலத்தில் பனித்தரைக்கும் கொண்டுவந்தார். அவரைப் பின்பற்றியோர் மிகச் சிலரே.

1933 டிசம்பர் 12 அன்று பொஸ்ரனில் புரூயின்ஸ் அணியும் ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணியும் மோதின. புரூயின்ஸின் எடி ஷோர் சற்று முன்னர் தடுக்கி வீழ்த்தப்பட்ட ஆத்திரத்தில் இருந்தார். தன்னை வீழ்த்தியவர் என்று பிழையாக எண்ணியோ என்னவோ, ரொறன்ரோ அணியின் ஏஸ் பெய்லியைப் பின்னாலிருந்து மோதித் தூக்கி எறிந்தார். பெய்லியின் மண்டை ஓடு வெடித்தது. பெய்லியின் அணித்தோழர் ரெட் ஹோர்னர் அங்கேயே ஷோரைக் குத்தி வீழ்த்த, அவருடைய தலையும் பனியில் மோதிப் பிளந்தது. சில நிமிட இடைவெளியில் இரண்டு தலைகள்.

பெய்லிக்கு மூளையில் இரண்டு சத்திரசிகிச்சைகள் செய்யப்பட்டன. அவர் பிழைக்கமாட்டார் என்று கருதிப் பத்திரிகைகள் மரணச் செய்தியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததாகச் சொல்வார்கள். இதை நம்புவதற்கு எனக்குச் சிரமமில்லை. எங்கள் அலுவலக மேசை இழுப்பறையிலும் உயிரோடிருந்த பெரியவர்கள் சிலரின் இரங்கற் குறிப்புகள் தயாராகக் கிடந்ததுண்டு. ஆனால் பெய்லி பிழைத்தார். மீண்டும் ஆடவில்லை. 1934 பெப்ரவரி 14 அன்று அவருடைய குடும்பத்துக்கு நிதி திரட்ட ரொறன்ரோவில் ஓர் ஆட்டம் நடத்தப்பட்டது. எதிரணியில் ஷோரும் இருந்தார். அரங்கின் நடுவே இருவரும் கைகுலுக்கினார்கள். பிற்காலத்தில் பெய்லி அதே ரொறன்ரோ அரங்கில் பல தசாப்தங்கள் நேரக் கணிப்பாளராகப் பணியாற்றி, 1992 இல் தமது 88 ஆவது வயதில் காலமானார். தலை உடைந்தவர், தலைக்கவசம் இல்லாமல் ஆடியவர்களுக்கு நேரம் பார்த்துக்கொண்டு அத்தனை ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார் என்ற செய்தியைத் தாண்டிச் செல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

இவ்வளவுக்குப் பின்னர் எல்லோரும் கவசம் அணிந்திருப்பார்கள் என்றே எவரும் எண்ணுவர். ஷோர் அணிந்தார். புரூயின்ஸ் வீரர்கள் சிலர் சில ஆட்டங்களில் அணிந்து பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார்கள். கவசம் கோழையின் அடையாளமாகவே கருதப்பட்டது. அதே அணியில் பின்னர் ஆடிய ஜாக் கிரோஃபோர்ட் கவசத்தைக் கைவிடவில்லை. ஆனால் அவர் தமது வழுக்கையை மறைக்கவே அதை அணிகிறார் என்று சொல்லப்பட்டது. வழுக்கையை மறைப்பது மன்னிக்கக்கூடிய காரணம், மண்டையைக் காப்பது மன்னிக்க முடியாத காரணம் என்றிருந்த காலம் அது!

வீம்பு மட்டும் இதற்குக் காரணமன்று. 1942 முதல் 1967 வரை லீக்கில் ஆறே அணிகள் இருந்தன. கண்டம் முழுவதற்குமாகச் சேர்த்து நூற்றுச் சொச்சம் பேருக்கே வேலை. உடம்புக்கு முடியவில்லை என்றால், பயமாயிருக்கிறது என்றால், அந்த இடத்துக்கு வரக் கீழ்நிலை லீக்குகளில் நூறு பேர் காத்திருந்தார்கள். எனவே வலியை மறைக்கத் தெரிந்திருப்பதும் தொழில்திறமைகளுள் ஒன்றாயிற்று. கோல் காப்பாளருக்கும் இதே நிலைதான். மொன்றியல் அணியின் ஜாக் பிளான்ட் 1959 நவம்பர் 1 அன்று நியூயோர்க்கில் முகம் கிழிபட்டுத் தையல் போட்டுக்கொண்ட பிறகு, முகமூடி அணிந்தால்தான் களம் இறங்குவேன் என்று உறுதியாக நின்றார். மாற்றுக் காப்பாளர் இல்லாத காலமாதலால் பயிற்சியாளர் இணங்க நேர்ந்தது.

இனி பில் மாஸ்டர்டன். வின்னிபெக்கில் பிறந்தவர். பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, பெரிய லீக்கில் இடம் கிடைக்காமல் வேறு தொழில் பார்த்துக்கொண்டிருந்தார். 1967 இல் அணிகளின் எண்ணிக்கை ஆறிலிருந்து பன்னிரண்டாக உயர்ந்தபோது, 29 வயதில் மினசோட்டா நோர்த் ஸ்ரார்ஸ் அணியில் வாய்ப்புக் கிடைத்தது. அந்த அணியின் வரலாற்றில் முதலாவது கோல் அவர் அடித்ததே. 1968 ஜனவரி 13 அன்று ஓக்லாந்து அணியுடனான ஆட்டத்தில் இரு எதிராளிகளோடு மோதி மல்லாக்க விழுந்து பின்தலை அடிபட்டது. தலையில் கவசம் இல்லை. 15 ஆம் திகதி இறந்தார். ஆட்டத்தில் ஏற்பட்ட காயத்தின் நேரடி விளைவாக இறந்த ஒரே தேசிய ஹொக்கி லீக் வீரர் அவர்தான். விடாமுயற்சிக்காக ஆண்டுதோறும் வழங்கப்படும் விருது அவர் பெயரைத் தாங்குகிறது.

இந்தக் கதையின் மறுபாதி 2011 இல்தான் வெளிவந்தது. ரொறன்ரோ ஸ்ரார் பத்திரிகை அந்த மரணத்தை மீண்டும் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாட்களிலேயே மாஸ்டர்டன் கடும் தலைவலியால் அவதிப்பட்டிருந்தார் என்றும், முன்னரே ஏற்பட்ட மூளை அதிர்ச்சி ஆறாத நிலையில் அவர் ஆடியிருக்கக்கூடும் என்றும் அது எழுதியது. வாராது வந்த வாய்ப்பு. அதை ஒரு தலைவலிக்காக எவர் இழப்பார்?

அந்தப் பக்கத்தை மூடிவிட்டு நூலகத்திலிருந்து நேரே வீட்டுக்கு நடந்தேன். தங்கை வேலையால் வந்ததும் சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. "அண்ணை, ரெண்டு நாளா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் வைத்தியரிடம் கொண்டு போனார்கள். மூளை அதிர்ச்சிதான், இலேசானது என்றார். முதலில் ஓய்வு, அதன் பின்னர் படிப்படியாகவே ஆட்டத்துக்குத் திரும்பலாம் என்று கட்டளை. மருமகன் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

பேச்சில்லாத அந்த நாட்களில் மிச்சக் கதையையும் படித்து முடித்தேன். மாஸ்டர்டன் இறந்த அதே பருவகாலத்தில் சிக்காகோ அணியின் ஸ்ரான் மிகிற்றா கவசம் அணியத் தொடங்கியிருந்தார். வட்டு ஒன்று அவருடைய காதைக் கிழித்ததே காரணம். செக்கோசிலோவாக்கியாவில் பிறந்து, எட்டு வயதில் ஒன்ராறியோவிலிருந்த உறவினரிடம் அனுப்பப்பட்டவர். அந்த ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் லீக்கின் உயர் விருதுகள் மூன்றை ஒன்றாகப் பெற்றவர். அவரைக் கோழை என்று அழைப்பது கடினமாயிற்று. 1972 இல் சோவியத் அணியினர் அனைவரும் கவசத்தோடு வந்து கனடாவைத் திணறடித்தனர். செப்டெம்பர் 28 அன்று மொஸ்கோவில் அந்தத் தொடரின் வெற்றிக் கோலை அடித்த போல் ஹென்டர்சன், கனடிய அணியில் கவசம் அணிந்திருந்த மிகச் சிலருள் ஒருவர். ரொறன்ரோவின் கண் வைத்தியர் ரொம் பாஷ்பி போன்றோர் 1970களில் விடாது போராடியதன் பயனாகச் சிறுவர் ஹொக்கியில் தரச்சான்று பெற்ற கவசமும் முகக்கூண்டும் கட்டாயமாயின.

பெரியவர்களின் லீக்கோ 1979 இல்தான் அசைந்தது. அதுவும் புதிதாக வருவோர்க்கு மட்டும். முன்னரே ஒப்பந்தம் செய்தவர்கள் பொறுப்புத்துறப்பில் கையொப்பமிட்டு வெறுந்தலையோடு ஆடலாம். அப்படி ஆடியவர்களுள் கடைசியான கிரெய்க் மக்டாவிஷ் ஓய்வு பெற்றது 1997 இல்!

கவசம் அணிவதா இல்லையா என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டையிட்டவர்களுக்கு, எந்தத் தலைக்கு எந்தக் கவசம் என்ற கேள்வியை எழுப்ப அவகாசம் இருக்கவில்லை. ஆனால் தலை அளக்கும் கலை புதியதன்று. பாரிஸ் தொப்பிக்காரர்கள் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, தலையில் கவிழ்த்தால் அதன் கோடு காகிதத்தில் சிறிய உருவாகக் குத்தப்படும் ஒரு பொறியை வைத்திருந்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் சுவீடனின் உடற்கூற்றறிஞர் அன்டர்ஸ் ரெட்சியஸ், தலையின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டு நீள்தலை, குறுந்தலை என்று மனிதரை வகுத்தார். தொப்பிக்காரன் தொப்பிக்காக அளந்தான். அறிஞர்கள் இனங்களைத் தரவரிசைப்படுத்த அளந்தார்கள். சென்னை அரும்பொருட்காட்சியகத்தின் பொறுப்பாளராயிருந்த எட்கர் தேர்ஸ்டன் அளவுக் கருவிகளோடு தென்னிந்தியா முழுவதும் அலைந்தார். வயநாட்டின் பணியர் பெண்கள், தங்களுள் சிறந்தவர்களைப் பாடம் பண்ணிக் காட்சியகத்தில் வைக்கப் போகிறார் என்று அஞ்சினார்களாம், அவரே எழுதியிருக்கிறார். 1911 இல் அமெரிக்காவில் பிரான்ஸ் போவாஸ், ஏறத்தாழ 18,000 குடியேறிகளையும் அவர்களின் பிள்ளைகளையும் அளந்து, அங்கு பிறந்த பிள்ளைகளின் தலைவடிவம் பெற்றோருடையதிலிருந்து மாறுகிறது என்று காட்டினார். மாற்றத்தின் அளவு பற்றி அறிஞர்கள் 2002, 2003 ஆம் ஆண்டுகளிலும் வாதிட்டிருக்கிறார்கள். தலைவடிவத்தை வைத்து இனத்தை எடைபோடும் வேலைக்கு அவர் கொடுத்த அடி மட்டும் ஆறவில்லை.

நான் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் புதிய கவசம் வாங்கச் சென்றோம். கடையிலிருந்தவர் முதியவர், மூக்கு ஒரு காலத்தில் உடைந்து ஒட்டியிருந்தது. நாடாவை எடுத்துப் புருவத்துக்கு ஒரு விரலளவு மேலாகவும், பின்னால் தலை மிகப் புடைத்த இடத்திலும் சுற்றி அளந்தார். 54 சென்ரிமீற்றர். பழைய கவசத்தையும் கொண்டுவந்திருந்தோம். பெரியப்பாவின் மகன் அணிந்து விட்டது. அளவுச் சீட்டில் பிழையில்லை. முதியவர் பையனை மேலிருந்து பார்த்தார். "எண் சரி, வடிவம் சரியில்லை" என்றார். சுற்றளவு ஒன்றாயிருந்தாலும் ஒரு தலை வட்டமாயிருக்கும், இன்னொன்று முன்பின்னாக நீண்டு பக்கங்களில் ஒடுங்கியிருக்கும். நாடாவுக்கு அது தெரியாது. எங்கள் பையனுடையது நீண்ட தலை. பழைய கவசம் வட்டத் தலைக்குரியது. நெற்றியிலும் பிடரியிலும் இறுகி, காதுகளுக்கு மேலே விரல் நுழையும் இடைவெளி விட்டிருந்தது. அதனால்தான் விழுந்தபோது சரிந்திருக்கிறது.

விலை கூடியது சிறந்தது அல்லவா என்று மைத்துனர் கேட்டார். முதியவர் சிரித்தார். 2015 இல் அமெரிக்காவின் வேர்ஜினியா ரெக் பல்கலைக்கழகம் 32 வகைக் கவசங்களைச் சோதித்தபோது ஐந்து நட்சத்திரமோ நான்கு நட்சத்திரமோ எதற்கும் கிடைக்கவில்லை, மூன்று கிடைத்ததே ஒன்றுக்குத்தான் என்றார். எந்தக் கவசமும் மூளை அதிர்ச்சியை முற்றாகத் தடுக்காது. மண்டை உடையாமல் காக்கும், அதுவும் தலையில் அசையாமல் இருந்தால் மட்டுமே என்றும் சொன்னார். கடைக்காரர் ஒருவர் தன் சரக்கைப் பற்றி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆறு கவசங்கள் தலையில் ஏறி இறங்கின. ஓட்டின் இரு பாதிகளையும் முன்பின்னாக நகர்த்திப் பூட்டினார். தாடைப் பட்டிக்கும் தோலுக்கும் இடையில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். தலையை ஆட்டச் சொன்னார், இல்லை என்றும், ஆம் என்றும். ஒவ்வொன்றுக்கும், எங்காவது அழுத்துகிறதா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பையன், இல்லை, நல்லாயிருக்கிறது என்றான். அவன் கண் முழுதும் அணித்தோழர்களிடம் இருப்பது போன்ற கறுப்புக் கவசத்தில் இருந்தது. அதைக் கழற்றியபோது அவனுடைய இரு பொட்டுகளிலும் சிவந்த தழும்பு விழுந்திருந்ததை நான் கண்டேன். முதியவரும் கண்டிருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் அதை மீண்டும் அணிவித்து, ஐந்து நிமிடம் கடைக்குள் நடந்து வா என்று அனுப்பிவிட்டு வேறு வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

பையன் அடுக்குகளுக்கிடையே இரண்டு சுற்று நடந்தான். மூன்றாவது சுற்றில் என்னருகே வந்து நின்றான். பத்து நாட்களுக்கு மேலாக என்னோடு பேசாதவன், பொட்டில் விரலை வைத்து, "இதில அழுத்துது மாமா" என்றான்.