வாய்ப் புற்றுநோயும் பல் பரிசோதனையும்: குர்துபா முதல் திருவாங்கூர் வரை

மிஸ்வாக்கின் சிறப்பை நம் மக்தபில் ஓதும் சிறுவர்களும் அறிவர். தம் உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் மட்டும் இல்லையெனில் ஒவ்வொரு தொழுகையின்போதும் பல் துலக்குமாறு கட்டளையிட்டிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. அவர்களுடைய இறுதி நேரத்தில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மிஸ்வாக் குச்சியை மென்று மிருதுவாக்கிக் கொடுத்ததையும் நாம் ஒவ்வோர் ஆண்டும் ரபீஉல் அவ்வல் பயான்களில் கேட்கிறோம். வாயின் தூய்மைக்கு இத்தனை இடமளித்த மார்க்கம் வேறு உண்டா என்று பெருமிதமும் கொள்கிறோம். அப்பெருமிதம் நியாயமானதே. ஆயினும், வாயைத் துலக்குவது ஒரு செயல். அதனை அறிந்தவர் ஒருவரிடம் திறந்து காட்டுவது வேறொரு செயல். முன்னதைப் பேணிய நம் சமுதாயம் பின்னதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. நம் முன்னோர்களின் மருத்துவ மரபிலோ இவ்விரண்டும் இருந்தன.

அந்தலுஸின் தலைநகரான குர்துபாவுக்கு அருகில், கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் நகரைச் சார்ந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ. கி.பி. 1013-ஐ ஒட்டி மறைந்த இப்பெருமருத்துவர் தம் வாழ்நாள் அனுபவத்தை ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ என்னும் நூலில் 30 பகுதிகளாகத் தொகுத்தார். அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்துக்குரியது. கருவிகளின் வடிவங்களை வரைந்து காட்டி விளக்கிய அப்பகுதியில் பற்களுக்கும் ஈறுகளுக்கும் பல அத்தியாயங்கள் உள்ளன. பல்லில் படியும் காறையைச் சுரண்டி எடுப்பதற்கென்றே வெவ்வேறு வடிவிலான சுரண்டிகளை அவர் வரைந்து காட்டியிருக்கிறார்.

அந்நூலில் நாம் இங்குச் சுட்ட விரும்பும் இடம் ஒன்றுண்டு. நாவின் அடியில் சில வேளை சிறு தவளையைப் போன்ற வீக்கம் தோன்றும் என்கிறார் ஸஹ்ராவீ. அதற்குச் சிகிச்சை அளிக்க முனையும் மருத்துவர் முதலில் செய்ய வேண்டியது என்ன? நோயாளியைச் சூரியனை நோக்கி அமரச் செய்து, வாயைத் திறக்கச் சொல்லி, அவ்வீக்கத்தை உற்று நோக்க வேண்டும். அது கருத்து, கடினமாகி, உணர்ச்சியற்றுக் காணப்பட்டால் அதனைத் தொடக்கூடாது, அது புற்று. வெண்மை சார்ந்து, நீர் கோத்ததாக இருந்தால் கொக்கியால் பற்றி அறுத்து எடுக்கலாம். கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் கண்ணால் தீர்மானிக்கும் முறை இது. நிறம், கடினம், உணர்ச்சி ஆகிய மூன்றையும் இன்றைய பல் மருத்துவரும் கவனிக்கத் தவறுவதில்லை.

புற்றைப் பற்றிப் பொதுவாகக் கூறும்போதும் அவர் ஒளிவு மறைவின்றிப் பேசுகிறார். அது சிறியதாகவும், முற்றிலும் வெட்டி எடுக்கத்தக்க இடத்திலும் இருந்தால் எடுத்துவிடலாம். நாட்பட்டுப் பெரிதாகிவிட்டால் அதனை நெருங்கலாகாது. அத்தகைய ஒருவரைத் தாம் குணப்படுத்தியதில்லை, வேறெவரும் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்றும் எழுதி வைத்தார். தம் இயலாமையை நூலில் பதிவு செய்யும் இவ்வாய்மையே அவரை இமாம்களின் வரிசையில் வைத்து மதிக்கத் தூண்டுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் துலைத்துலா நகரில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு என்பவர் இவ்வறுவை நூலை இலத்தீனில் பெயர்த்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் இதனைக் கற்றனர். சிறியதாக இருக்கும்போது எடு, பெரிதானபின் எவராலும் இயலாது என்னும் அவருடைய கணிப்பில் பின்பாதியை இன்றைய மருத்துவம் ஓரளவு மாற்றியிருக்கிறது. முன்பாதி அப்படியே நிற்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 14-ஆம் நூற்றாண்டில் மஃபர் எனப்பட்ட நம் கரைக்கு வந்து மதுரை சுல்தானின் விருந்தினராகத் தங்கிய இப்னு பதூதா, வெற்றிலையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்லும் முறையையும், விருந்தினருக்கு அதனை அளிப்பது பொன்னும் வெள்ளியும் அளிப்பதைவிட மேலான மரியாதையாகக் கருதப்பட்டதையும் அவர் வியந்து குறித்தார். நிகாஹ் பேச்சிலும் மவ்லித் மஜ்லிஸிலும் தாம்பாளத்தில் வெற்றிலை வைக்கும் நம் வழக்கம் இப்பழைய மரபின் தொடர்ச்சியே. அவர் காலத்தில் புகையிலை இல்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் பின்னர் வந்தது. பீஜப்பூரிலிருந்து அஸத் பேக் என்பவர் அதனை அக்பரின் அவைக்குக் கொண்டு சென்றார். அடுத்து வந்த ஜஹாங்கீர் 1617-இல் அதனைத் தடை செய்தார். தடை நிலைக்கவில்லை. உஸ்மானிய நாடுகளிலும் அந்நூற்றாண்டில் உலமாக்கள் ஹராம் என்றும், மக்ரூஹ் என்றும், முபாஹ் என்றும் மூவகையாகப் பிரிந்து வாதிட்டனர். உடலுக்கு அது செய்யும் கேடு அன்று ஐயமற நிறுவப்படவில்லை என்பதை அவர்களின் ஃபத்வாக்களைப் படிப்போர் மறக்கலாகாது. அவர்களில் அனுமதித்தவரின் சொல்லை இன்று சான்றாகக் காட்டுவது அவர்களுக்கே இழைக்கும் அநீதியாகும் என்பது நம் கருத்து.

அக்கேடு நிறுவப்பட்டதில் நம் மண்ணுக்குப் பெரும் பங்குண்டு. பீர் முஹம்மது அப்பா அவர்கள் அடங்கியுள்ள தக்கலையிலிருந்து சிறிது தொலைவிலுள்ள நெய்யூரில், இலண்டன் மிஷன் மருத்துவமனை ஒன்று இருந்தது. அன்று அது தென் திருவாங்கூர். இன்று குமரி மாவட்டம். அங்குப் பணியாற்றிய பென்டால் என்னும் மருத்துவர் 1908-இல், தாம் தொகுத்த 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய சுருக்கத்தைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். 1933-இல் ஓர் என்னும் மருத்துவர், திருவாங்கூரில் வெற்றிலை மெல்வோருக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார். வெற்றிலைச் சுருளையும் புகையிலையையும் கன்னத்தின் எப்பகுதியில் ஒதுக்கி வைக்கிறோமோ அப்பகுதியிலேயே பெரும்பாலும் புண் தோன்றுகிறது என்பது இன்று மருத்துவ மாணவர் அனைவரும் அறிந்த பாடம்.

“நாங்கள் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதான்” என்று நம் பெரியம்மாமார்கள் கூறுவதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைச் சுருளும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியது. பாக்கினால் வாயின் உட்தோல் நார்போல் இறுகி, காரம் பட்டால் எரிந்து, நாளடைவில் வாய் திறக்கும் அளவே குறைந்துவிடும் ஒரு நோயும் உண்டு. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதனைக் கண்டு எழுதினார். கடல் கடந்து சென்றவர்கள் பாக்கையும் உடன் கொண்டு சென்றனர் போலும்! அந்நோய் கண்டவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் புற்று உண்டாகிறது.

வயிற்றிலும் நுரையீரலிலும் தோன்றும் புற்று கண்ணுக்குத் தெரியாது. வாயில் தோன்றுவதோ, பலருக்குப் புற்றாக மாறுவதற்கு முன்பே தன்னைக் காட்டிக்கொள்கிறது. கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத வெண்படலம், நாவின் ஓரத்தில் வெல்வெட்டுத் துணிபோல் செந்நிறத் திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் தட்டுப்படும் கட்டி ஆகியவை அதன் முன்னறிவிப்புகள். இவற்றில் பெரும்பாலானவை தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலி இல்லாததாலேயே மனிதன் அசட்டையாக இருக்கிறான். பல் கூச்சத்துக்காகவோ காறை எடுப்பதற்காகவோ சென்றவரின் உதடு, கன்னம், ஈறு, அண்ணம், நாவின் இரு ஓரங்கள், நாவின் அடிப்பகுதி, கழுத்து ஆகியவற்றைப் பல் மருத்துவர் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார். ஐயம் எழுந்தால் சிறு துணுக்கு எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். ஸஹ்ராவீயிடம் இல்லாத நுண்ணோக்கி அங்கே தீர்ப்புக் கூறுகிறது.

இப்பல் மருத்துவக் கல்வியை இந்நாட்டில் நிறுவியவரும் நம்மவரே என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். டாக்கா பகுதியில் 1890-இல் பிறந்து, அலிகரில் பயின்று, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் ரஃபீயுத்தீன் அஹ்மத், 1920-இல் கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். குளிர்பானக் கடை ஒன்றை நடத்தி, அதன் வருவாயைக் கொண்டே அவர் கல்லூரியைத் தாங்கினார். பாத்திமா ஜின்னா அவர்கள் அக்கல்லூரியில் பயின்று 1923-இல் பம்பாயில் பல் மருத்துவமனை தொடங்கியவர். டாக்டர் அஹ்மத் 1949-இல் கல்லூரியை அரசுக்கே அளித்துவிட்டார். அவர் பிறந்த டிசம்பர் 24, இன்று தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொள்ளப்படுகிறது.

வாயைப் பார்ப்பதால் உயிர் காக்கப்படுகிறதா என்ற கேள்விக்கு விடை அளித்ததும் பழைய திருவாங்கூர் மண்ணே. 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளைத் தெரிந்தெடுத்து, ஏழில் 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாயைப் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வீடுதேடிச் சென்று பார்த்தனர். மற்ற ஆறு ஊராட்சிகளில் வழக்கமான மருத்துவம் மட்டுமே நடந்தது. டாக்டர் சங்கரநாராயணன் குழுவினர் 2005-இல் முடிவை வெளியிட்டனர். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே, வாய் பார்க்கப்பட்ட ஊராட்சிகளில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. எப்பழக்கமும் இல்லாதவர்களிடம் அத்தகைய பயன் தெளிவாகவில்லை. ஆகவே வெற்றிலை, பாக்கு, புகையிலை, பான் மசாலா, பீடி, சிகரெட் என எதையேனும் தொட்டவர்களே முதலில் வாய் காட்ட வேண்டியவர்கள்.

அவ்வாய்வில் நம்மை வருத்தும் எண் வேறொன்று. ஐயத்துக்குரியது எனக் கண்டு மருத்துவரிடம் செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டவர்கள் 5,145 பேர். சென்றவர்கள் 3,218 பேர். வீடு தேடி வந்து, வாயைப் பார்த்து, “இதனைக் காட்டுங்கள்” என்று கூறிய பின்னரும் மூவரில் ஒருவருக்கு மேல் போகவில்லை! அச்சமோ, செலவோ, வேலையோ, “அல்லாஹ் போதுமானவன்” என்ற சொல்லை இடமறியாது பயன்படுத்தியதோ, யாரறிவார். நாட்டுப்புற அரபிகள் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவியபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எந்நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததை உஸாமா பின் ஷரீக் (ரழி) அறிவிக்கிறார்கள். தவக்குல் என்பது மருத்துவரின் வாசலை அடைந்த பின்னும் தொடர்வது.

நம் இல்லங்களில் தடையாக நிற்பவை பெரும்பாலும் இரு கேள்விகள். பெண்கள் முகத்திரை நீக்கி வாயைத் திறந்து காட்டலாமா என்பது ஒன்று. பெண் மருத்துவரைத் தேடுவது முதற்கடமை. இன்று பல் மருத்துவம் பயிலும் பெண்கள் ஏராளம், சிற்றூர்களிலும் கிடைக்கின்றனர். கிடைக்காவிடில் மஹ்ரமோ வேறொரு பெண்ணோ உடனிருக்க, தேவையான அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டுவதை நம் ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன. ஆறாத புண்ணை முகத்திரைக்குள் மாதக்கணக்கில் மறைத்து வைக்குமாறு எந்த மத்ஹபும் கூறவில்லை. நோன்பு காலத்தில் வாய் காட்டலாமா என்பது மற்றொன்று. கண்ணாடியும் கருவியும் வாய்க்குள் செல்வதால் நோன்பு முறியாது. நீரோ இரத்தமோ மருந்தோ தொண்டைக்குள் இறங்கலாகாது, அவ்வளவே. துணுக்கு எடுக்க வேண்டியிருந்தால் மருத்துவரிடம் கேட்டு இஃப்தாருக்குப் பிந்திய நேரத்தை அமைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் கடந்த புண்ணுக்கு ஷவ்வால் பிறை வரை காத்திருக்க வேண்டியதில்லை.