கணினிக்குள் ஒரு மாட்டு வண்டிப் பயணம்



இடைநிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளை கணினியின் முன் அமர்ந்து, "வரலாற்றுப் பாடம் படிக்கிறேன்" என்கிறான். எட்டிப் பார்த்தால் திரையில் மாட்டு வண்டி ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. இது படிப்பா, விளையாட்டா என்று பெற்றோர் கேட்பது நியாயந்தான். அமெரிக்காவில் பிறந்த அந்த வண்டியின் கதையை இன்று பார்ப்போம்.

1971ஆம் ஆண்டின் இறுதியில், மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரில், டான் ராவிட்ஷ் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு கற்பித்து வந்தார். வெள்ளையர் மேற்கு நோக்கிக் குடியேறிய வரலாற்றை மாணவர் மனத்தில் பதிய வைப்பது எப்படி? அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த பில் ஹெய்ன்மன், பால் டில்லன்பெர்கர் இருவருக்கும் கணினிக்கு நிரல் எழுதத் தெரியும். மூவரும் சேர்ந்து ஆக்கியதுதான் 'ஒரிகன் டிரெயில்', அதாவது ஒரிகன் பாதை, என்னும் விளையாட்டு. அப்போது திரைகூடக் கிடையாது. தட்டச்சுப் பொறி போன்ற ஒரு கருவி தொலைபேசிக் கம்பி வழியே தொலைவிலுள்ள கணினியோடு பேசும். பதில் காகிதத்தில் அச்சாகி வரும்.

விளையாட்டில் ஆண்டு 1847. மிசூரி மாநிலத்திலிருந்து ஒரிகன் வரை 2,000 மைலுக்கு மேல் போக வேண்டும். வண்டி வாங்கியது போகக் கையில் 700 டாலர். எருதுக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு, துணிமணிக்கு எவ்வளவு என்று மாணவரே பிரிக்க வேண்டும். சம்பள நாளில் கடைக்கணக்குப் பார்க்கும் நம் தாய்மார்களுக்கு இந்தச் சங்கடம் புதிதன்று. கணக்குத் தவறினால் வழியில் பசி, நோய், மரணம். 1974இல் ராவிட்ஷ் அக்காலப் பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, எந்த இடர் எவ்வளவு அடிக்கடி நேர்ந்தது என்று பார்த்து விளையாட்டைத் திருத்தினார். அவர் செய்த வேலைகளில் இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

பதின்ம வயதுப் பிள்ளைக்கு ஆண்டும் பெயரும் மறந்துபோகலாம். தான் எடுத்த முடிவு மறக்காது. அதனால் இது பாடந்தான் என்பேன். ஆனால் பாதிப் பாடம். ஏனெனில் பிள்ளை வண்டிக்குள் அமர்ந்தே உலகைப் பார்க்கிறான். வண்டி போய்ச் சேரும் வில்லாமெட் பள்ளத்தாக்கு யாருடைய மண் என்று வண்டி அவனைக் கேட்பதில்லை.

அது கலாபூயா மக்களின் மண். 1830களில் பரவிய கொள்ளை நோய்க் காய்ச்சலில் அவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். 1850இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி அங்குக் குடியேறிய வெள்ளையருள் தனி ஆணுக்கு 320 ஏக்கர், மணமான தம்பதிக்கு 640 ஏக்கர் இலவசம். கலாபூயா மக்களோடு நில ஒப்பந்தம் ஏற்பட்டதோ 1855இல்! பட்டா கொடுக்கும் சட்டம் முன்னே, மண்ணுக்குரியவர் கையொப்பம் பின்னே. தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணின் உரிமைத்தாளில் தங்கள் பெயரைக் காணாத நம் தோட்டக் குடும்பங்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

இந்த மறுபாதியையும் கணினியே காட்டும். ஜார்ஜியா பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் கிளாடியோ சான்ட் 2014இல் வெளியிட்ட இணைய வரைபடத்தில் ஆண்டை நகர்த்தினால், 1776 முதல் 1887 வரை பூர்வகுடிகளின் நிலம் சுருங்குவதைக் கண்ணால் காணலாம். அமெரிக்க அரசின் நில ஆவணத் தளத்தில் பழைய பட்டாக்களின் படிமங்களே உள்ளன. பெயரைத் தட்டினால் தாள் வந்து நிற்கும். விளையாட்டும் மாறியிருக்கிறது. 2021இல் வந்த பதிப்பைப் பூர்வகுடி வரலாற்றறிஞர்களைக் கலந்தே உருவாக்கினர்.

ஆசிரியர் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வண்டியையும் மறு பகுதிக்கு வரைபடத்தையும் கொடுத்து, பிறகு இருவரையும் பேசவிடலாம். வீட்டில் என்றால், பிள்ளை ஒரிகனை எட்டிவிட்டேன் என்று குதிக்கும்போது, "அங்கே முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள், தம்பி?" என்று கேளுங்கள். தேடினால் விடை கிடைக்கும். 1856இல் அவர்கள் கிராண்ட் ரோன்ட் என்னும் ஒதுக்கிடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1954இல் அரசு அவர்களைத் தனி இனமாக ஏற்க மறுத்தது. அவர்கள் விடவில்லை, 1983இல் அந்த அங்கீகாரத்தை மீண்டும் பெற்றனர்.